ரசச் சட்டியில் ஒரு டாட்ஜ் சார்ஜர்: பழைய 1/25 கிட் கட்டும் முறை

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். மிச்சிகன் மாநிலத்து ஹாம்ட்ராம்க்கில் இருந்த டாட்ஜ் மெயின் கார் தொழிற்சாலையில் இளவயதில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலையை 1980-ல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். இப்போது அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை நிற்கிறது. நான் முதன்முதலாகக் கட்டிய, 1969 டாட்ஜ் சார்ஜர் என்ற அமெரிக்கக் காரின் பிளாஸ்டிக் மாடலை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடிப்பக்கம் முழுக்கப் பளபள கறுப்பு, எஞ்சின் அறையும் கறுப்பு, சைலன்சர் குழாய்க்கு வெள்ளி. அவர் குப்புறக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக நாங்கள் ஒரு வண்டிகூட வெளியே அனுப்பியதில்லையே என்றார். அது பாராட்டு இல்லை என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து என் வழி மாறியது. கட்டும் வரிசையை முடிவு செய்வது கிட்டில், அதாவது ஒட்டிக் கட்டும் உதிரிகள் உள்ள பெட்டியில், வரும் விளக்கத்தாள் அல்ல, தொழிற்சாலைதான். நிஜ வண்டியில் எது முதலில் நடந்தது, எதன் மேல் எது பட்டது, எந்த இடத்தில் ஆள் அவசரப்பட்டிருப்பான் என்று யோசித்துக் கட்டினால் மாடலுக்கு உயிர் வந்துவிடுகிறது. டாட்ஜும் அடங்கிய கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளில் பாடிக்கு வண்ணம் அடிக்கும்போது எஞ்சின் அறையும் அதே வண்ணத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே நீல சார்ஜரின் பானட்டைத் தூக்கினால் உள்ளேயும் நீலம்தான். அதே காலத்து செவர்லேயில் அங்கே மங்கல் கறுப்பு இருக்கும். இது தெரியாமல் விலை உயர்ந்த பெயிண்ட் வாங்கி என்ன பயன்?

என்னைப் பற்றி ஒரு வரி. கோயம்புத்தூரில் டூல் ரூமில் தொழில் கற்றவன். பிளாஸ்டிக் அச்சு செய்வதுதான் வேலை. பிறகு மிச்சிகனுக்கு வந்தும் அதே அச்சு, அதே வேலை. அதனால் கிட் பெட்டியைத் திறந்தால் எனக்கு முதலில் கார் தெரியாது, அச்சுதான் தெரியும். அதுவே இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பெரிய உதவி.

டெட்ராய்ட் வட்டாரத்துக்கும் இந்த கிட்டுகளுக்கும் உள்ள உறவு பழையது. ஏ.எம்.டி. என்ற கிட் கம்பெனி 1948-ல் தொடங்கி டிராய் நகரில் இயங்கியது. எம்.பி.சி. மவுண்ட் கிளமென்ஸில். ஜோ-ஹான் டெட்ராய்ட்டிலேயே. கார் கம்பெனிகள் புது மாடல் விடும்போது ஷோரூமில் கொடுப்பதற்காகச் செய்த சின்ன கார்கள்தான் இந்தத் தொழிலின் விதை. அதே அச்சில் இருந்து, ஒட்டிக் கட்டும் கிட்டுகளை 1958 முதல் ஏ.எம்.டி. ஆண்டுதோறும் விட்டது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம் என்பதுதான் விளம்பரம். இப்போது ஏ.எம்.டி., எம்.பி.சி. என்ற இரண்டு பெயரும் இண்டியானாவில் உள்ள ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கின்றன. பழைய அச்சுகளில் மறுபதிப்பும் வருகிறது. முதல் தடவை கட்டுகிறவர்கள் மறுபதிப்பையே வாங்குங்கள். ஐம்பது வயது கிட்டைக் கெடுத்தால் மனசு தாங்காது.

இந்த முறை கட்டிய என்னுடைய சார்ஜர் ஒரு பழைய பொருள் சந்தையில் 20 டாலருக்குக் கிடைத்தது. பெட்டியின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. யார் செய்த கிட் என்பது இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இதே வியாதிகள்தான். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக், 1/25 அளவு. நிஜ சார்ஜர் 208 அங்குலம், அதாவது 5.28 மீட்டர். மாடல் 21 செ.மீ. சொச்சம்.

பெட்டியைத் திறந்ததும்

எதையும் ஒடித்து எடுக்காதீர்கள். முதலில் டயரைப் பாருங்கள். பழைய கிட்டுகளில் டயர் மிருதுவான வினைல். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் வருடக்கணக்கில் வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். என் பெட்டியில் ஒரு டயர் பின் கண்ணாடி மேல் படுத்திருந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் டயரின் பூவேலை அப்படியே பதிந்திருக்கிறது. வாட்டர் பேப்பர் என்ற மெல்லிய உப்புத்தாளில் 1000, 2000 நம்பர் என்று தேய்த்துப் பாலிஷ் போட்டு ஓரளவு மீட்டேன். டயரைத் தனிப் பையில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்து டிகால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள். மஞ்சள் பூத்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் வெயில் பக்கம் பார்த்து ஒட்டி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். ஆனால் வெளுத்தது எல்லாம் பிழைத்தது என்று அர்த்தமில்லை. வேண்டாத ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால், முழுத்தாளின் மேலும் நிறமில்லாத கிளியர் பூச்சை மெல்லியதாக அடித்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஓரத்தை ஒட்டி வெட்டிப் பயன்படுத்த வேண்டும். என்னுடையது கிளியர் அடித்தும் நொறுங்கியது. சார்ஜரின் சக்தி மிகுந்த ரகமான ஆர்/டி வண்டியின் வாலைச் சுற்றி ஒரு பட்டை வரும். அது வேண்டாம் என்று சொல்லி வாங்கியவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. ஆகவே என் வண்டியும் பட்டை வேண்டாதவரின் வண்டி.

எல்லா உதிரியையும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவிய பிசுக்கு மேலே இருக்கும். அது போகாமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. குரோம் உதிரிகளை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்.

குரோம் நன்றாக இருந்தால் தொடாதீர்கள். என் முன் பம்பரில் நடுவே ஒரு கோடும், அதன் மேல் உரிந்த குரோமும் இருந்தன. அதைத் துணி வெளுக்கும் ப்ளீச்சில் போட்டால் கொஞ்ச நேரத்தில் குரோம் கரைந்து போய்விடும். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ப்ளீச்சோடு வினிகர், அம்மோனியா எதையும் சேர்த்துவிடக் கூடாது, விஷவாயு வரும். கீழே இருக்கும் கோட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, பளபள கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பெயிண்ட் போடலாம். மோலோடோவ் குரோம் பேனா இப்போது எங்கும் கிடைக்கிறது. ஒடித்த இடத்தில் தெரியும் சின்னக் காயத்துக்கும் அதுவே போதும்.

கோணல், கோடு, குழி

பாடியைக் கண்ணாடி மேசையில் வைத்தேன். இடது பின் மூலை 2 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது. பழைய பெட்டிகள் பரணில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தால் இப்படித்தான். இதற்கு வெந்நீர் வைத்தியம். தண்ணீர் கொதிக்கக் கூடாது, 65, 70 டிகிரி போதும். அரை நிமிஷம் முக்கி, கோணலுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். ஒரே தடவையில் சரி செய்ய நினைத்தால் கூரைத் தூண் ஒடியும். மூன்று நான்கு தடவை செய்யுங்கள். நான் வெப்பமானியும் கையுமாக நின்றபோதுதான் வீட்டுக்காரி அடுக்களைக்குள் வந்தாள்.

“ஏனுங்க, ரசஞ்சட்டியிலயா கார வேகவெக்கறீங்க?”

தனிப் பாத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். இது செய்முறையின் ஒரு பகுதிதான்.

இப்போது அச்சுக்காரன் வேலை. கார் பாடியை ஒரே அச்சுத் துண்டில் எடுக்க முடியாது. பக்கவாட்டில் இருந்து வரும் துண்டுகளும் மேலிருந்து வரும் துண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வரப்பு மாதிரி ஒரு கோடு விழும். சார்ஜரில் அது முன் மட்கார்டின் மேல் விளிம்பில் ஓடி, கூரைத் தூணில் ஏறி, பின் மட்கார்டில் இறங்கும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும், நகத்தால் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். பலர் இதைக் காரின் டிசைன் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்த பிறகு கண்ணில் முதலில் உறுத்துவது இதுதான். கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டி, 400, 600 வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பேப்பரைச் சின்ன மரத்துண்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். விரலால் தேய்த்தால் சார்ஜரின் இடுப்பில் இருக்கும் அந்தக் கூர்மையான மடிப்பு மழுங்கிவிடும். அந்த மடிப்பு போனால் அது சார்ஜர் இல்லை.

பிளாஸ்டிக் தடிமனாக உள்ள இடத்தில் ஆறும்போது உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழும். கதவுக்குப் பின்னால் உள்பக்கம் விலா எலும்பு மாதிரி தாங்கு இருந்தால், வெளிப்பக்கம் அதே இடத்தில் பள்ளம் தேடுங்கள். இருக்கும். ஆழமில்லாத குழிக்குச் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைத்து, அது கல்லாவதற்குள், அன்றே தேய்த்துவிடுங்கள். மறுநாள் என்றால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியிருப்பது மட்டும் தேயும். பெரிய குழிக்குப் பட்டி. மெல்லியதாக இரண்டு முறை.

கதவு, டிக்கிக் கோடுகளை ப்ரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன்பே ஆழப்படுத்த வேண்டும். அச்சில் வந்த கோடு ஆழம் குறைவு. ப்ரைமர், வண்ணம், கிளியர் என்று ஐந்தாறு பூச்சு ஏறியதும் தூர்ந்துபோகும். கத்தி முனையின் முதுகுப் பக்கத்தை அந்தக் கோட்டில் வைத்து, எடை கொடுக்காமல் பத்து முறை இழுங்கள். வழுக்கினால் மட்கார்டில் கீறல் விழும். விழுந்தது எனக்கு. மேலே சொன்ன சூப்பர் க்ளூ வைத்தியம் அதற்கும் ஆகும்.

ஒட்டுவதற்கு முன் முழு வண்டியையும் டேப்பால் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். பாடி, அடித்தட்டு, உள்கூடு, சக்கரம் எல்லாம். பழைய கிட்டுகளில் பலவற்றில் முன் ஆக்சில் ஒரு நீளமான இரும்புக் கம்பி. அது எஞ்சின் பிளாக்கைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போகும். நிஜத்தில் இப்படி ஒரு வண்டி ஓடினால் எண்ணெய் எல்லாம் ரோட்டில்தான். கம்பியை வெட்டி, இரண்டு பக்கமும் தனித்தனிக் குட்டைக் கம்பியாகச் செருகி, பிளாக்கின் ஓட்டையைப் பட்டியால் அடைத்தேன். அப்போதே வண்டியின் நிற்கும் உயரத்தையும் சரி செய்துகொள்ளலாம். என் வண்டி முன்பக்கம் தவளை மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. கம்பியின் துளையை 1.5 மி.மீ. மேலே ஏற்றினேன், மூக்கு இறங்கியது.

வண்ணமும் எழுத்தும்

ஆரஞ்சு, சிவப்பு பிளாஸ்டிக்கில் ஒரு வம்பு உண்டு. அதன் சாயம் பெயிண்டுக்குள் ஊறி மேலே வரும். மாலையில் வெள்ளை ப்ரைமர் அடித்து வைத்தேன், காலையில் பார்த்தால் பாதாம்பால் நிறம். இதற்கு இடையே ஒரு தடுப்பு வேண்டும். முதலில் வெள்ளி நிற லாக்கர் பெயிண்டை மெல்லியதாக இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் சாம்பல் ப்ரைமர் அடித்தேன். அடங்கிவிட்டது. பாடியின் உள்பக்கத்தையும் எஞ்சின் அறையையும் மறக்காதீர்கள். நிஜ வண்டியில் அங்கேயும் வண்ணம் போயிருக்கிறது.

நான் எடுத்த வண்ணம் பி5 ப்ளூ, 1969-ல் டாட்ஜ் கொடுத்த பளிச்சென்ற மெட்டாலிக் நீலம். நிஜக் காருக்கு விற்கும் டச்-அப் பெயிண்டை அப்படியே அடித்தால் அதில் உள்ள உலோகத் துகள் 1/25-ல் கல்லு கல்லாகத் தெரியும். மாடலுக்கென்றே அரைத்த மெல்லிய துகள் உள்ள பெயிண்டைத் தேடி வாங்குங்கள். நிறம் ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, துகள் பெரிதாக இருந்தால் பொம்மைதான்.

வண்ணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு தந்திரம் இருக்கிறது. சார்ஜரின் பின் கூரைத் தூணில் வண்டியின் பெயர் கையெழுத்து மாதிரி, தலைமுடி கனத்தில், மேடாக அச்சாகியிருக்கும். பெயிண்ட் அடித்த பிறகு அதன் மேல் தூரிகையால் வெள்ளி பூசினால் எந்தக் கைக்கும் நடுங்கும். அதற்குப் பதில், ப்ரைமர் காய்ந்ததும் பேர் மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் அலுமினியத் தாளில் ஒரு சின்னச் செவ்வகம் வெட்டி, எழுத்தின் மேல் படுக்க வையுங்கள். காது பட்ஸால் மெதுவாக அழுத்துங்கள், பிறகு பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு எழுத்தின் வளைவிலும் தேயுங்கள். தாள் எழுத்தோடு எழுத்தாகப் பதிந்து, ஆறிய பாலில் ஆடை விழுந்த மாதிரி ஆகும். சுற்றியுள்ளதைப் புதுக் கத்தி முனையால் நெருக்கமாக வெட்டி எடுத்துவிடுங்கள். பழைய முனை வெட்டாது, கிழிக்கும். ஒரு வண்டிக்கு நான் ஐந்தாறு முனை மாற்றுகிறேன்.

அதன் மேல் நீலம். எழுத்து மறைந்துபோகும், பயப்பட வேண்டாம். வண்ணம் காய்ந்ததும், கிளியருக்கு முன்னால், ஒரு தட்டையான குச்சி நுனியில் பழைய பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, தின்னரில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் எழுத்தின் தலைமேல் மட்டும் தடவுங்கள். மூன்றாவது தடவலில் மேட்டில் உள்ள நீலம் விலகி உள்ளே வெள்ளி எட்டிப்பார்க்கும். பள்ளத்தில் உள்ள நீலம் அப்படியே இருக்கும். தின்னர் சொட்டினால் எல்லாம் போச்சு. முதல் தடவை நான் தூணையே உரித்துவிட்டேன். பழைய ஸ்பூனின் முதுகில் இதே மாதிரி பெயிண்ட் அடித்து, அதில் பழகிவிட்டு வண்டிக்கு வாருங்கள்.

ஸ்ப்ரே அடிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் வையுங்கள், சூடான தண்ணீர் ஆகாது. 20 செ.மீ. தள்ளி, பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதல் இரண்டு கோட் பனி மாதிரி, மூன்றாவது கொஞ்சம் ஈரமாக. ஈரப்பதம் அதிகமான நாளில் லாக்கர் அடித்தால் வெளிறிப் பால் பூக்கும். இங்கே ஜூலையில் அந்தத் தொல்லை. ஜனவரியில் கராஜ் உறைந்து கிடக்கும். மே, செப்டம்பர் மாதங்களில்தான் நான் பெயிண்ட் டப்பாவையே தொடுகிறேன். அடித்ததும் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், தூசி விழாது. காய்ந்ததா என்று விரலால் பார்க்காதீர்கள், மூக்கால் பாருங்கள். பெயிண்ட் வாடை வந்தால் இன்னும் காயவில்லை.

மெட்டாலிக் வண்ணத்தைத் தேய்க்கக் கூடாது, துகள் கலைந்து திட்டுத் திட்டாகும். அதன் மேல் மூன்று கோட் கிளியர் அடித்து, இரண்டு வாரம் விட்டு, கிளியரை மட்டும் பாலிஷ் போடுங்கள். மைக்ரோமெஷ் துணி 3600-ல் தொடங்கி 12000 வரை, தண்ணீர் தொட்டு. மடிப்பு, விளிம்பு எல்லாம் முதலில் தேய்ந்து ப்ரைமர் தெரிந்துவிடும், அங்கே மெல்லிய டேப் ஒட்டிக்கொண்டு தேயுங்கள். பளபளப்பைப் பாதியிலேயே நிறுத்தினாலும் தப்பில்லை. பெரியவர் சொன்னது நினைவிருக்கட்டும். 1969-ல் தொழிற்சாலையை விட்டு வந்த வண்டியில் கதவுக்குக் கீழே ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சொரசொரப்பு இருந்தது. நான் கூரையையும் பானட்டையும் மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கினேன், கீழ்ப்பக்கத்தை அப்படியே விட்டேன்.

ஜன்னலைச் சுற்றிய குரோம் பட்டைகளுக்கும் அதே ஃபாயில்தான். கிளியர், பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகு. நீளமான ஒரே துண்டாகப் போடாமல் மூலைக்கு மூலை துண்டு போடுங்கள். மூலையில் இணைப்புத் தெரியாது.

ஹெமி

ஆர்/டி வாங்கினால் 440 கன அங்குல மேக்னம் எஞ்சின், 375 குதிரைத்திறன். கூடுதல் காசு கொடுத்தால் 426 ஹெமி, 425 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 7 லிட்டர். என் கிட்டில் ஹெமி. இதை வேறு எஞ்சினோடு குழப்பவே முடியாது. வால்வு மூடி இரண்டும் பெட்டி பெட்டியாக அகலம், ஸ்பார்க் பிளக் எல்லாம் அந்த மூடியின் நடுவே மேலிருந்து இறங்கும். பிளாக்குக்கும் தலைக்கும் ஹெமி ஆரஞ்சு. மூடிக்குச் சுருக்கம் விழுந்த மங்கல் கறுப்பு. சுருக்கத்துக்கு நான் செய்வது: கறுப்பு பாதி காய்ந்திருக்கும்போது, அதை உலர்ந்த மொட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி எடுக்கிறேன்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு வெள்ளி அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அது வார்ப்பிரும்பு. முதல் நாள் ஓட்டத்திலேயே அதில் இருக்கும் பெயிண்ட் தீய்ந்து துருநிறம் ஏறிவிடும். சாம்பல் பழுப்பு அடித்து, அதன் மேல் சிவப்புப் பழுப்புச் சுண்ணப் பொடியைத் தூரிகையால் தட்டுங்கள்.

ஸ்பார்க் பிளக் வயர் போட்டால்தான் எஞ்சின் எஞ்சினாகத் தெரியும். நிஜ வயர் 7 மி.மீ. கனம், 1/25-ல் 0.28 மி.மீ. கடையில் மாடலுக்கென்று விற்கும் வயர் பெரும்பாலும் இதைவிடத் தடிமன். ஹெமிக்கு அதைப் போட்டால் தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி இருக்கும். பழைய ரிலே காயில் ஒன்றைப் பிரித்து 0.3 மி.மீ. எனாமல் கம்பி எடுத்தேன். கறுப்புப் பூசிக்கொண்டால் போதும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெமியில் முன்பக்கம் இருக்கும். அதன் தலையில் சுற்றி எட்டு, நடுவில் ஒன்று என்று ஒன்பது துளை, 0.35 மி.மீ. டிரில் பிட்டில், கையால் திருகிப் போட வேண்டும். மின்சார டிரில் வைத்தால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். நடு வயர் இக்னிஷன் காயிலுக்குப் போகும். மற்ற எட்டும் 1-8-4-3-6-5-7-2 என்ற சிலிண்டர் வரிசையில் சுற்றி வரும். டிரைவர் பக்கம், அதாவது இடப்பக்கம், ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை, முன்னிருந்து பின்னாக எண்ண வேண்டும். வயரை முதலில் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மூடியின் துளைக்கு வளைத்துக் கொண்டுபோங்கள். நீளம் வெட்டுவது கடைசியில். வரிசையை யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்ணினார்.

ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பேட்டரி கேபிள் எல்லாம் எங்கே போகிறது என்று விளக்கத்தாள் சொல்லாது. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில் 1995-லிருந்து நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் அணிவகுப்பில் சொந்தக்காரர்கள் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். கேட்டால் மகிழ்ச்சியாகப் படம் எடுக்க விடுவார்கள். ஆனால் கவனம்: அங்கே நிற்கும் பாதி வண்டிகள் பிறகு புதுப்பிக்கப்பட்டவை, பிறந்தபோது இருந்ததைவிட அழகாக இருக்கும். துரு கொஞ்சம் தெரிகிற, கதவு கிரீச்சிடுகிற வண்டியாகப் பார்த்து அதைப் படம் எடுங்கள்.

அடிப்பக்கமும் மிச்சமும்

அடித்தட்டை முழுக் கறுப்பாக அடிக்காதீர்கள். ப்ரைமர் நிறத்தில் விட்டு, டப்பாவை 40 செ.மீ. தள்ளிப் பிடித்து, பக்கவாட்டு ஓரங்களில் மட்டும் பாடி நீலத்தைத் தூசியாக ஊதுங்கள். நடுவில் நீலம் எட்டக் கூடாது. நிஜத்தில் பக்கவாட்டில் நின்று அடித்தவனின் துப்பாக்கி அவ்வளவுதான் எட்டியது. பின் ஆக்சில் மங்கல் கறுப்பு, அதை இணைக்கும் ஷாஃப்ட் வெறும் எஃகு நிறம், லீஃப் ஸ்ப்ரிங்குக்கும் அதே நிறத்தில் கொஞ்சம் பழுப்பு கலந்துகொள்ளலாம். கடைசியாகக் கறுப்பு எண்ணெய் பெயிண்டைத் தின்னரில் கஷாயம் மாதிரி கரைத்து, மூலைமுடுக்கில் ஓடவிட்டு, மேட்டில் உள்ளதைத் துடைத்துவிடுங்கள்.

உள்ளலங்காரத்தில் நான் அதிக நேரம் போக்குவதில்லை. கண்ணாடி மூடினால் பாதி தெரியாது. சீட்டுக்கு மங்கலும் பளபளப்பும் இல்லாத நடுத்தரக் கறுப்பு, தரைக்குப் பசை தடவித் தூவும் கம்பளப் பொடி, டேஷ்போர்டு மானிகளின் எண்களில் உலர்ந்த தூரிகையால் வெள்ளை. ஒவ்வொரு மானியிலும் கிளியர் ஒரு சொட்டு விட்டால் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான்.

பின் விளக்கில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். 1968-ல் நாலு வட்ட விளக்கு, 1969-ல் இரண்டு நீள விளக்கு, வருடம் சொல்லும் அடையாளமே அதுதான். கிட்டில் அது குரோமாக வரும். குரோமை எடுக்காமல் அதன் மேலேயே கண்ணாடிச் சிவப்பு பூசினால் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும். முன் கிரில்லும் அப்படியே குரோமாக வரும். 1969-ல் நடுவே ஒரு பிரிப்பு உண்டு. அதன் உள்குழிகளில் மங்கல் கறுப்பை நீர்த்து ஓடவிட்டு, மேட்டுக் கம்பியை மட்டும் துடைத்தால் போதும். முன் விளக்குகள் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும், உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

கண்ணாடியைச் சூப்பர் க்ளூவால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பனி படரும், துடைத்தால் போகாது. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெரியாது, தப்பினால் தண்ணீரில் துடைத்துக்கொள்ளலாம்.

அடித்தட்டைப் பாடிக்குள் நுழைப்பது பழைய கிட்டில் மல்யுத்தம்தான். பாடியின் இரண்டு பக்கத்தையும் லேசாக அகற்றி, முன்பக்கத்தை முதலில் செருகி, பின்பக்கத்தை அமுக்க வேண்டும். பாலிஷ் போட்ட பக்கத்தில் விரல் படும் இடத்திலெல்லாம் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கை வியர்வையே போதும், ஃபாயில் உரிந்து வந்துவிடும். பம்பர், கண்ணாடி வைப்பர், இடது பின் மட்கார்டின் மேலிருக்கும் அந்தக் குரோம் பெட்ரோல் மூடி எல்லாம் கடைசி. அந்த மூடியை நான் இரண்டு முறை தரைவிரிப்பில் தொலைத்தேன். வேக்யூம் க்ளீனர் வாயில் பழைய சாக்ஸைக் கட்டிக்கொண்டு தேடினால் கிடைக்கும்.

டயரின் தரை தொடும் பகுதியை 220 உப்புத்தாளில் ஒரு சுற்றுத் தேய்த்துவிடுங்கள், கடையில் வாங்கிய பளபளப்பு போய் ரோட்டில் ஓடிய டயராகும். பிறகு முதலில் சொன்ன அதே கசிவு வியாதிக்கு ஒரு தடுப்பு. பிளம்பர்கள் குழாயில் சுற்றும் வெள்ளை டேப்பைச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் டயரை மாட்டுங்கள். காட்சிப் பெட்டியின் தரையும் பிளாஸ்டிக் என்றால் டயருக்கு அடியில் அலுமினியத் தாளில் நாலு துண்டு வைக்க வேண்டும். நான் எஞ்சின் பிளாக்கின் அடியில் ஒரு சின்ன மரத்துண்டு கொடுத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வைத்திருக்கிறேன்.